மண்டையோட்டு அரியணை

முகமூடி அணிந்த ஆண் ஒருவன் காட்டுக் குகையில், மண்டையோட்டு அரியணையில் அமர்ந்து ஆண்டுகொண்டிருந்தான். அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1936 பிப்ரவரியில் லீ பாக் தொடங்கிய 'பேண்டம்' படக்கதையின் நாயகன் அவன். தமிழில் வேதாளன், மாயாவி என்று பதிப்புக்கொரு பெயர். எங்கள் கீரனூரில் அந்தப் புத்தகங்கள் முதலில் அண்ணன்மார் கைக்குப் போகும். அட்டை கிழிந்த பிறகுதான் தங்கைகளிடம் வரும்.

1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே இவன் கதைதான். ஆனால் ஒரு சிக்கல். மூலத்தில் அவன் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியது. கடற்கொள்ளையர் 'சிங்' கூட்டத்தார். முதல் வேதாளனின் தந்தையைக் கொன்றவன் பெயர் ராமா. இந்திய வாசகர் மனம் புண்படக்கூடாதென்று நாடு டெங்காலி ஆயிற்று, சிங் சிங்கா ஆயிற்று, ராமா ராமலு ஆனான். பெயர்களை மாற்றியவர்கள் உறவை மாற்றவில்லை. 1536-இல் கரையொதுங்கிய வெள்ளை மாலுமியின் மகனை மண்ணின் மக்கள் காப்பாற்றுகிறார்கள். அவன் பரம்பரைக்கு நானூறு ஆண்டுகள் விஷ அம்போடு காவலும் நிற்கிறார்கள். வெள்ளையர் கப்பலேறிப் பதினேழு ஆண்டுகூட ஆகாத ஒரு நாட்டில், காவல் நின்றவர்களின் நிறத்தை உடைய நாம் அரியணையில் இருந்தவனின் கண்வழியே கதையைப் படித்தோம். பின்னாளில் டெங்காலியில் தேர்தல் நடந்து மருத்துவர் லுவாகா குடியரசுத் தலைவராகிறார். அந்த மக்களாட்சியைக் காப்பாற்றவும் முகமூடிக்காரனே வர வேண்டியிருக்கிறது!

அரியணை தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். மகன்தான் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்வான். இதில் ஒரே ஒரு விரிசல் உண்டு. பதினேழாம் வேதாளன் அடிபட்டுக் கிடந்தபோது அவனுடைய இரட்டைச் சகோதரி ஜூலி அதே முகமூடியை அணிந்து காட்டைக் காக்கிறாள். அண்ணன் தேறியதும் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். பரம்பரைக் கணக்கில் அவளுக்கு எண் கிடையாது. பதினேழுக்கு அடுத்தது பதினெட்டு, அவ்வளவுதான். குடும்பத்தலைவர் படுத்த படுக்கையானால் கடையை, வயலை, கடனை எடுத்து நடத்தும் பெண்களை இந்தச் சமவெளியில் தெருவுக்கு ஒருவராவது காட்ட முடியும். பட்டாவில் அவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

டயானா நீச்சல் வீராங்கனை, ஐ.நா.வில் பணிபுரிபவள். 1977-இல் திருமணம், 1979-இல் இரட்டைக் குழந்தைகள். அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் அவளுக்குக் காத்திருப்பதே பெரும்பாடு.

1966 ஜூலையில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'பிளாக் பாந்தர்' கொண்டுவந்தார்கள். கறுப்பின அரசன், யாரும் அடிமைப்படுத்தாத வக்காண்டா நாடு. வெள்ளை அரியணைக்கு அது நல்ல பதில்தான். ஆனால் அவன் தங்கை ஷூரி கதைக்குள் நுழைய 2005 ஆனது, முகமூடி அணிய 2009 ஆனது. 1998-இல் அறிமுகமான பெண் மெய்க்காவலர்களோ அரசனின் வருங்கால மனைவியராகக் கருதப்பட்டவர்கள். நிறம் மாறிய அரியணையும் ஆணுக்கே அளவெடுத்துச் செய்யப்பட்டிருந்தது.

சிவகாசியில் நடந்தது வேறு. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி ஒரு பெண்: மாடஸ்டி பிளைசி. அவளுடைய தோழன் கார்வின் அவளை 'இளவரசி' என்றே அழைப்பான். நாடில்லாத இளவரசி. போரில் பெற்றோரை இழந்து அகதி முகாம்களில் வளர்ந்தவள். 1942-இல் ஈரானில் படைவீரராக இருந்தபோது, தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்ததே அவளைப் படைக்கக் காரணம் என்று பீட்டர் ஓ'டோனல் சொல்லியிருக்கிறார். கவர்ச்சிக்காக வரையப்பட்ட கட்டங்கள் அந்தக் கதைகளில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் கணவன் இல்லை, காத்திருப்பு இல்லை, கட்டளை அவளுடையது.

அகதியாக இருந்த அரசி நமக்குத் தொலைவில் இல்லை. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் வேலு நாச்சியார் மகளோடு வந்து தங்கியது பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே உள்ள விருப்பாட்சியில். கோபால நாயக்கரின் ஆதரவில் எட்டு ஆண்டுகள். திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலியிடம் படை கேட்டுப் பெற்று 1780-இல் சிவகங்கையை மீட்டார். நம் மேடைகள் வாளேந்திய அந்தக் கடைசி ஆண்டை மட்டுமே கொண்டாடுகின்றன.

சென்ற ஆண்டு என் மாணவியரிடம் ஆட்சி செய்யும் ஒரு பெண்ணைப் படக்கதையாக எழுதச் சொன்னேன். பெரும்பாலானவற்றில் குதிரையும் வாளும். ஒருத்தி மட்டும் விருப்பாட்சியின் எட்டு ஆண்டுகளை வரைந்திருந்தாள். மகளுக்குத் தலைவாரி விடுகிறாள், ஓலை எழுதுகிறாள், பதில் வரவில்லை, மறுபடி ஓலை எழுதுகிறாள். ஒன்பது கட்டங்களில் வாள் எங்குமே இல்லை.