ஈடு சொல்லும் உரிமை: கலிஃபோர்னியாவில் கிரெடிட் மாற்றத்தின் வரலாறு

அமெரிக்காவில் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றில் சேரும் மாணவர்கள், அதுவரை ஈட்டிய கிரெடிட்டில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017இல் மதிப்பிட்டது. 2004க்கும் 2009க்கும் இடையில் கல்லூரி மாறியவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. பாடம் படித்தாயிற்று, தேர்வு எழுதியாயிற்று, கட்டணமும் கட்டியாயிற்று; புதிய இடத்தில் அது கணக்கில் ஏறவில்லை. தர வேற்றுமைதான் காரணம் என்பது பல்கலைக்கழகங்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். கலிஃபோர்னியாவின் நூறாண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் அந்த விளக்கம் பாதி தூரமே வருகிறது. ஒரு பாடம் இன்னொன்றுக்கு ஈடா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற இழுபறியே மீதிக் கதை.

கிரெடிட் என்ற அலகே கற்றதை அளக்கப் பிறந்ததல்ல. பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1905இல் ஆண்ட்ரூ கார்னெகி 1 கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியில் பங்கு வேண்டும் கல்லூரிகள், உயர்நிலைப் பள்ளியில் 14 அலகுகள் முடித்தவர்களையே சேர்க்க வேண்டும் என்று அறக்கட்டளை நிபந்தனை வைத்தது. ஓர் அலகு என்பது 120 மணி நேர வகுப்பு. ஓய்வூதிய ஆசையில் கல்லூரிகள் இணங்கின. மணிக்கணக்கில் படிப்பை அளக்கும் பழக்கம் கல்லூரிப் பாடங்களுக்கும் பரவியது. வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைச் சொல்லும் இந்த நாணயம் எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுபோலத் தெரிந்தது. ஆனால் அதன் மாற்று மதிப்பை வாங்கிக்கொள்ளும் கல்லூரி தீர்மானித்தது.

ஈராண்டுக் கல்லூரி என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களிலிருந்தே வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் பட்டப்படிப்பை முதல் ஈராண்டு, பின் ஈராண்டு என்று இரண்டாகப் பிரித்திருந்தார். அவருடைய ஊக்கத்தில் 1901இல் இல்லினாயின் ஜோலியட் நகர உயர்நிலைப் பள்ளியில் 6 மாணவர்களுடன் முதல் ஈராண்டு வகுப்புகள் தொடங்கின. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் அலெக்சிஸ் லாங்கே இதே கருத்தை வலியுறுத்தினார். உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரி நிலைப் பாடங்களையும் நடத்தலாம் என்று 1907இல் சட்டம் வந்தது. 1910இல் ஃப்ரெஸ்னோ நகரம் அதை முதலில் பயன்படுத்தியது. பெர்க்லி அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். திராட்சைத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள் ஊரிலிருந்தே ஈராண்டு படித்துவிட்டுப் போகட்டும் என்பது எளிய ஏற்பாடு. அந்நாளில் ஈடு சொல்வதும் எளிதாகவே இருந்தது. பெர்க்லி 1884 முதலே உயர்நிலைப் பள்ளிகளைப் பார்வையிட்டு அங்கீகாரம் தந்து வந்தது. ஏற்கும் இடம் பெரும்பாலும் ஒன்று. அதன் சொல்லே முடிவு.

மாநிலத்தின் உயர்கல்விக்கென்று 1960இல் வந்த மாஸ்டர் பிளான் இந்தக் கணக்கைப் பெரிதாக்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய அத்திட்டம், பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் ஒதுக்கியது. ஈராண்டுக் கல்லூரிகளின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. அதற்கு முன் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரையும் மாநிலக் கல்லூரிகள் பாதிப் பேரையும் சேர்த்து வந்தன. இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று எழுதும் வழக்கம் உண்டு. வாசலைச் சுருக்கியதும் அதே ஆவணம்தான் என்பதை மறக்கக் கூடாது. ஈராண்டுக் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு குறைவு, அதிலும் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. மாநில அரசுக்கு அது லாபம். ஈராண்டுக் கல்லூரிக்குத் திருப்பிவிடப்பட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக, பல்கலைக்கழகங்களில் மேல் ஈராண்டு மாணவர்கள் 60, கீழ் ஈராண்டு மாணவர்கள் 40 என்ற விகிதத்தைத் திட்டம் வைத்தது.

இருக்கைக்கு விகிதம் வகுத்தவர்கள், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று மாநிலம் முழுவதற்கும் முடிவு சொல்லும் அதிகாரத்தை யாருக்கும் தரவில்லை. அது ஒவ்வொரு வளாகத்தின் ஆசிரியர்களிடமே தங்கிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 1879ஆம் ஆண்டு அரசியல் சாசனமே தன்னாட்சி தந்திருக்கிறது. கல்வி விஷயத்தில் சட்டமன்றம் அதைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டளையிடுவது கடினம். சமுதாயக் கல்லூரிகள் என்று பெயர் மாறிய ஈராண்டுக் கல்லூரிகள் இன்று 116. இளநிலைப் பட்டம் தரும் அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள் முப்பதுக்குச் சற்று மேல். பெருக்கினால் ஏறத்தாழ 3,600 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் துறைவாரியாகத் தனித்தனி ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தங்களைக் கணினியில் ஏற்ற 1985இல் தொடங்கியதுதான் அசிஸ்ட். இன்றும் அதுவே மாநிலத்தின் அதிகாரபூர்வப் பதிவேடு. பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் கல்லூரியின் பாடம். சில வரிகளில் வலப்பக்கம் ஈடான பாடம் ஏதும் இல்லை என்ற குறிப்பு மட்டுமே நிற்கும். கணித வரிகளில் இன்னொரு சிக்கல். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் பல, ஆண்டை மூன்று குவார்ட்டர்களாகப் பிரிப்பவை. கல்லூரிகள் பெரும்பாலும் செமஸ்டர் முறை. அங்கே மூன்று துண்டாக இருக்கும் கால்குலஸ் இங்கே இரண்டு துண்டு. முதல் செமஸ்டரை மட்டும் முடித்துக் கிளம்பினால் ஒன்றரைத் துண்டு கையில் இருக்கும். அந்த அரைத்துண்டுக்கு விலை கிடையாது. மாணவரின் அறிவில் குறை ஏதும் இல்லை, பாடத்தை நறுக்கிய இடம்தான் வேறு. கிரெடிட்டை ஏற்பதும் பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பதும் ஒன்றல்ல என்பதும் இங்கேதான் புலப்படும். ஏற்ற பாடத்தை விருப்பப் பாடக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, முதன்மைப் பாடத்தை மறுபடி படிக்கச் சொன்னால் தாளில் இழப்பு தெரியாது. ஆனால் மாணவர் இன்னொரு பருவத்துக்குப் பணம் கட்டியிருப்பார்.

அசிஸ்ட் முடிவுகளைத் தெரிவித்தது. அவற்றை எடுக்கும் இடத்தை மாற்றவில்லை. 1988இல் வந்த ஏபி 1725 சட்டம் சமுதாயக் கல்லூரி ஆசிரியர் பேரவைகளுக்குப் பாடத்திட்டத்தில் பெரும் பங்கு கொடுத்தது. பள்ளிக்கல்வியின் நிழலிலிருந்து வெளியே வந்த ஆசிரியர்களுக்கு அது நியாயமான உரிமை. ஆனால் பாடத்தை வடிவமைக்கும் கைகள் பெருகியதால் பொதுவான வடிவம் இன்னும் தள்ளிப்போனது. 1991இல் ஏற்கப்பட்ட ஐஜெட்சி என்ற பொதுப்பாடத் தொகுப்பு ஓரளவு கைகொடுத்தது: அதை முழுவதும் முடித்தவருக்கு இரு பல்கலைக்கழக அமைப்புகளிலும் கீழ் ஈராண்டுப் பொதுப்பாடங்கள் தீர்ந்தன. இருந்தும் பழைய மாநிலக் கல்லூரிகளின் அமைப்பான மாநிலப் பல்கலைக்கழகம் தன் 39 யூனிட், அதாவது 39 கிரெடிட், கொண்ட தொகுப்பைக் கைவிடவில்லை. மேடைப் பேச்சுப் பாடம் அங்கே கட்டாயம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டாயமில்லை. எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாத 18 வயதுப் பிள்ளை முதல் பருவத்திலேயே இந்த இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது.

இதே காலத்தில் ஃப்ளோரிடா வேறு வழியில் போனது. 1959இலேயே பொதுப்பாடங்கள் குறித்து மாநில அளவில் உடன்பாடு; 1971இல் ஈராண்டுப் பட்டம் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாமாண்டு நுழைவை உறுதிசெய்த ஒப்பந்தம்; 1970களிலேயே பொதுப் பாடக் குறியீடு. ஈஎன்சி 1101 என்றால் மயாமியிலும் டாலஹாசியிலும் அது முதலாண்டு ஆங்கில எழுத்துப் பாடம். குறியீட்டை வகுத்தவர்களும் ஆசிரியர் குழுக்களே. ஆனால் ஒருமுறை வகுத்த பின் ஒரு வளாகம் தனியே மறுக்க முடியாது. கலிஃபோர்னியாவைவிட அங்கே ஆசிரியர்கள் திறமை குறைந்தவர்கள் என்றோ பாடங்கள் தளர்ந்தவை என்றோ யாரும் நிறுவவில்லை. விரும்பிய வளாகத்தில்தான் இடம் என்று ஃப்ளோரிடாவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னிய சட்டமன்றம் பொறுமை இழந்தது 2010இல். மாநில செனட்டர் அலெக்ஸ் பாடியா கொண்டுவந்த எஸ்பி 1440 சட்டம் 60 செமஸ்டர் யூனிட் கொண்ட மாற்றத்துக்கான ஈராண்டுப் பட்டத்தை உருவாக்கியது. அதை முடித்தவரை மாநிலப் பல்கலைக்கழகம் மூன்றாமாண்டில் சேர்க்க வேண்டும். மேலும் 60 யூனிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டு விரிசல்கள் மிஞ்சின. சேர்க்கை உறுதி அமைப்புக்குத்தான், விரும்பும் வளாகத்துக்கு இல்லை. அந்த 60 யூனிட் வரம்பு, முன்பு படித்ததை ஒத்த பாடப்பிரிவுகளுக்கே பொருந்தும். எது ஒத்தது என்று சொல்வது மறுபடியும் வளாகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை இச்சட்டம் கட்டுப்படுத்தவேயில்லை.

2021இல் ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஏபி 928, இரு பொதுப்பாடத் தொகுப்புகளுக்குப் பதில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றது. மூன்று அமைப்புகளின் ஆசிரியர் பேரவைகள் கூடி இதை முடிக்கக் கெடு 2023 மே 31. முடிக்காவிட்டால் நிர்வாகிகளே வகுப்பார்கள் என்ற விதியும் சட்டத்தில் இருந்தது; முப்பது ஆண்டு ஆகாதது கெடுவுக்குள் ஆனதற்கு அந்த விதியே காரணம் என்பது என் கணிப்பு. கால்-ஜெட்சி என்ற அந்த 34 யூனிட் தொகுப்பில் மேடைப் பேச்சு உள்ளே வந்தது, மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாழ்நாள் கற்றல் பாடம் வெளியேறியது. அந்தப் பாடத்தை நடத்தி வந்த துறைகள் அதை எதிர்த்ததில் வியப்பில்லை. ஒரு பாடம் கட்டாயப் பட்டியலிலிருந்து விழுந்தால் வகுப்பு குறையும், பகுதிநேர ஆசிரியரின் வேலையும் குறையும். ஈடு பற்றிய விவாதங்களில் இந்த வயிற்றுப்பாட்டுக் கணக்கு வெளிப்படையாகப் பேசப்படுவது அரிது.

இன்னொரு சட்டமான ஏபி 1111, எல்லாச் சமுதாயக் கல்லூரிகளுக்கும் பொதுப் பாடக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது, 11.5 கோடி டாலர் இதற்கென ஒதுக்கப்பட்டது. சான்டா மோனிகாவில் இங்கிலீஷ் 1, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கல்லூரிகளில் இங்கிலீஷ் 101, சான் ஃபிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் 1ஏ என்று வழங்கிய முதலாண்டு எழுத்துப் பாடம் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து எங்கும் இங்கிலீஷ் சி1000. முதல் கட்டத்தில் மாறியவை புள்ளியியல், உளவியல், அமெரிக்க அரசு, மேடைப் பேச்சு, இரு ஆங்கிலப் பாடங்கள் என ஆறே பாடங்கள். ஃப்ளோரிடாவுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பின்தங்கிய தொடக்கம்.

இந்தப் பொதுக் குறியீடுகள் சமுதாயக் கல்லூரிகளைத்தான் கட்டுப்படுத்துகின்றன, ஏற்கும் பல்கலைக்கழகங்களை அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, மாற்றப் பட்டம் பெற்றவர்களுக்கு அதன் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யுசிஎல்ஏவில் சில பாடப்பிரிவுகளில் முன்னுரிமை தரும் சோதனைத் திட்டத்துக்கு 2023இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பொதுப்பாடம் ஒருவழியாகத் தீர்ந்துவரும் நேரத்தில் பொறியியல், இயற்பியல், கணினியியல் முன்பாடங்கள் இன்னும் வளாகத்துக்கு வளாகம் வேறுபட்டே இருக்கின்றன. அந்தத் துறைகளில் சேர நினைக்கும் மாணவர், விண்ணப்பிக்கும் ஒவ்வொரு வளாகத்துக்கும் அசிஸ்டில் தனிப் பக்கம் திறந்துதான் தன் பாடங்களைத் தேர வேண்டும்.