நெட் பவுலரா போனவர்: சின்னப்பம்பட்டி நடராஜனின் நாலு மாசம்

ஐ.டி. கம்பெனில வேலை பார்க்கறவங்களுக்கு ‘பெஞ்ச்’னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சம்பளம் வரும், ப்ராஜெக்ட் வராது. நானும் சில மாசம் அப்படி உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கு எபிசோடு, ரெண்டு முழு ஐ.பி.எல். சீசன் பெஞ்ச்ல உட்கார்ந்த ஒருத்தரைப் பத்தி. நம்ம சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டி, தங்கராசு நடராஜன்.

அப்பா தறிப்பட்டறையில தினக்கூலி. அம்மாவுக்கு ரோட்டோரத்துல சிக்கன் கடை. 1991ல பிறந்த நடராஜன், இருபது வயசு வரைக்கும் ஆடினது டென்னிஸ் பால் கிரிக்கெட். நம்ம பக்கத்து டோர்னமென்ட் பார்த்தவங்களுக்குத் தெரியும்: கிரவுண்டு சின்னது, கொஞ்சம் ஷார்ட்டா விழுந்தா பந்து வேலி தாண்டிடும். தப்பிக்க ஒரே வழி, பேட்ஸ்மேன் காலடியில போடறது. அவரோட யார்க்கர் அங்க வளர்ந்ததுதான்.

ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னை லீகுக்கு அனுப்பி வைக்கிறார். நாலாவது டிவிஷன்ல ஆரம்பிச்சு, 2015 ஜனவரியில தமிழ்நாட்டு ரஞ்சி அணிக்கு வந்துட்டார். முதல் மேட்ச்லயே அடி விழுந்துச்சு: கையை மடக்கி எறியறார்னு சந்தேகம் கிளப்பிட்டாங்க. ஒரு பவுலருக்கு இதை விட மோசமான புகார் கிடையாது. ஆக்‌ஷனை மாத்தி, மறுபடி பழகி, 2016 டி.என்.பி.எல்.ல திரும்பி வந்தார். ஒரு சூப்பர் ஓவர்ல ஆறு பந்தும் யார்க்கர்!

2017 ஏலத்துல அடிப்படை விலை 10 லட்சம், பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு. ஆறு மேட்ச்ல ரெண்டே விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்துச்சு. 2018, 2019 ரெண்டு சீசன்லயும் ஒரு மேட்ச் கூட இல்ல. 2020ல வாய்ப்பு வந்தப்போ 16 விக்கெட். அதுல ஒண்ணு, டி வில்லியர்ஸ் ஸ்டம்பைப் பறக்கவிட்ட யார்க்கர்.

இனிமேதான் கதையே. ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது நெட் பவுலரா. வருண் சக்ரவர்த்திக்குத் தோள்ல காயம், டி20 அணியில இடம் கிடைச்சது. சைனிக்கு முதுகு வலி, ஒருநாள் அணியிலயும் சேர்த்தாங்க. டிசம்பர் 2, கான்பெராவுல முதல் ஒருநாள் போட்டி. ரெண்டு நாள் கழிச்சு முதல் டி20, மூணு விக்கெட். அப்புறம் உமேஷ், பும்ரான்னு வரிசையா காயம். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன்ல டெஸ்ட் தொப்பி, எண் 300. முதல் இன்னிங்ஸ்ல வேட், சதமடிச்ச லபுஷேன், ஹேசல்வுட்னு மூணு விக்கெட். ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகமான முதல் இந்தியர் இவர்தான். அந்த டெஸ்ட்டையும் தொடரையும் இந்தியா ஜெயிச்சது.

மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவர்ல 14 ரன் தேவை, மேட்ச் முடிவுல 83 பந்துல 95 நாட் அவுட்டா நின்ன சாம் கரன் களத்துல இருக்கார். நடராஜன் கொடுத்தது வெறும் 6. இந்தியா 7 ரன்ல ஜெயிச்சது. அடுத்த மாசமே முழங்கால் ஆபரேஷன். அதுக்கப்புறம் இந்தியாவுக்கு அவர் ஆடவே இல்ல.

மொத்தம் 7 சர்வதேசப் போட்டி, 13 விக்கெட், நாலு மாசம் கூட இல்ல. ‘எல்லாம் லக்கு’ன்னு சிலர் சொல்றாங்க. அடுத்தவங்க காயம் கதவைத் திறந்துச்சு, சொந்தக் காயம் மூடிடுச்சு. அது வாஸ்தவம்தான். ஆனா கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் இவர் தயாரா இருந்தாரே, அதை லக்குல சேர்க்க முடியாதுங்க.

2025 ஏலத்துல டெல்லி அவரை 10.75 கோடிக்கு எடுத்துச்சு. அதைவிட எனக்குப் பெருசாத் தெரியறது 2023ல சின்னப்பம்பட்டியில அவர் கட்டின கிரிக்கெட் மைதானம். இனி அந்த ஊர்ப் பையன் லெதர் பாலைக் கையில பிடிக்க இருபது வயசு ஆக வேண்டியதில்ல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.