மன்னார்க் கரையும் கைப்பத்திரமும்

இலங்கைத் தீவின் வரலாற்றிலே மன்னாருக்குத் தனியிடம் உண்டு. மாதோட்டத் துறைமுகத்தின் பழமையையும், பாலாவிக் கரையிலே விளங்கும் திருக்கேதீச்சரத்தின் பெருமையையும், அரிப்புக் கடலிலே முத்துக் குளித்தோரின் திறமையையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயின், இக்கரை வழியாக வந்தும் போயும் வாழ்ந்த எண்ணிறந்த ஏழை மக்கள் தம் கையிற் கொண்டிருந்த பத்திரங்கள் எவை, அவற்றால் அவர்கட்கு விளைந்த நன்மை தீமைகள் எவை என்பன பற்றி எழுதினார் மிகச் சிலரே. கடல் கடந்து செல்லும் ஆவல் நம் இளைஞரிடையே மிகுந்துள்ள இக்காலத்தில், அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் பயனுடைத்து எனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுகின்றோம்.

பத்திரமின்றி வந்தோர்

1830-களிலே கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அத்தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டின் இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். தோணியேறிப் பாக்குநீரிணையைக் கடந்து தலைமன்னார், அரிப்பு முதலான இடங்களிற் கரையிறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையும் காட்டுப் பாதையிலே கால்நடையாகச் சென்றனர். குடிக்க நல்ல நீரின்றியும், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அவ்வழியிலே மடிந்தவர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. பெயர் எழுதிவைத்த ஏடும் இல்லை.

அக்காலத்தில் வந்தவரிடம் பத்திரம் எதுவும் இருந்ததில்லை. கங்காணியின் சொல்லே அவர்களுக்குச் சாட்சி. கங்காணியின் கடன் கணக்கே அவர்களுடைய இடாப்பு. கோப்பி பறிக்கும் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினராதலின், பத்திரம் இல்லாமை ஒரு குறையாகவும் அன்று தோன்றவில்லை. கோப்பியை நோய் அழித்தபின் 1880-களிலே தேயிலை தலையெடுத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன்களிலே நிலைத்தன. வந்து போனவர் குடியிருப்போர் ஆயினர். அவர் யார், எங்கே பிறந்தவர் என்பதை எழுதிவைக்க வேண்டிய தேவையும் அப்போதே பிறந்தது. அதை உணர்ந்தார்தாம் அன்று அரியர்.

தகரமும் துண்டும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே 'தகர டிக்கட்டு' என்னும் முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரத் தகடு அது. அதை உடலிலே கட்டிக்கொண்டு வந்தவரின் பயணச் செலவு அந்தந்தத் தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட்டது. 1904-இலே திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிற் கமிஷன் நிறுவப்பெற்றது. 1914-இலே பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவையும் ஏற்பட்டன. மண்டபம் முகாமிலே சில நாட்கள் தங்கி, வைத்தியச் சோதனையும் அம்மைப்பாலும் பெற்றபின்னரே தொழிலாளர் கப்பலேறினர். தகரம் அவரைச் சேரவேண்டிய தோட்டத்திற்கு வழிகாட்டிற்று. அவர்தம் குடியுரிமைக்கு அது சான்றாகவில்லை.

'துண்டு' என்பது மற்றொரு பத்திரம். கடன்பட்ட தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், "இன்ன தொகையைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம்" என்று எழுதி ஒரு துண்டு கொடுக்கப்பட்டது. கங்காணி அதைக் கொண்டுபோய்ப் புதிய தோட்டத்திலே மேலும் முன்பணம் பெறுவார். தோட்டம் மாறுந்தோறும் கடன் ஏறிற்று. தொழிலாளியின் பெயரால் எழுதப்பட்ட அப்பத்திரம் தொழிலாளியின் நலத்துக்கு உதவாது போயிற்று. 1921-இலே சட்டத்தால் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. தன்னைப் பற்றிய பத்திரம் பிறர் கையில் இருக்குமாயின், தன் வாழ்வும் பிறர் கையிலேயே இருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1948-ஆம் ஆண்டின் பாடம்

1939 ஆகஸ்டு 1-ஆம் திகதி முதல் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசினர் தடைசெய்தனர். அதற்கு முன் வந்தவரும் இங்கே பிறந்தவருமே அதன்பின் தோட்டங்களில் எஞ்சினர். நாடு சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி, இங்கே பிறந்த ஒருவர் வமிசாவழியாற் பிரசையாவதற்குத் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்றோ காட்டவேண்டும். வெளியே பிறந்தவராயின் விதி இன்னும் கடுமையானது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். அவ்வாறு அக்கரையிலே பிறந்த பிள்ளை, இக்கரையிலே வளர்ந்து உழைத்து முதிர்ந்த பின்னும், சட்டத்தின் முன் அந்நியனாக நின்றது.

அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும், 1946 ஜனவரி 1-ஆம் திகதிக்கு முன் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிரூபிக்கவேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டுத் தவணை அளிக்கப்பட்டது. 1951 ஆகஸ்டிலே அது முடிந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக 2,37,000 விண்ணப்பங்கள் வரையிற் குவிந்தன. ஏறக்குறைய 1,34,000 பேரே பதிவு பெற்றனர். தோட்டத்துச் செக்ரோல், பிள்ளைகளின் பள்ளிக்கூட இடாப்பு, பழைய பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் தேடி மக்கள் அலைந்தனர். ஓரிடத்திலே ஒருவிதமாகவும் வேறிடத்திலே வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயருக்கு விளக்கம் கூறவேண்டி வந்தது. எழுதியவர் கணக்கப்பிள்ளை, இடர்ப்பட்டவர் தொழிலாளி.

பத்திரம் இல்லாமையே இத்துயரத்தின் முழுக் காரணம் என்று நாம் கூறவரவில்லை. சட்டமே நீதியற்றது என்பதை அன்றே உணர்ந்து எதிர்த்தவர் பலர். அவ்வெதிர்ப்பின் வழியிலேயே திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். ஆயினும், நீதியற்ற சட்டத்தின் முன்னும் கையிலே பத்திரம் உடையவர் ஓரளவு நின்றார்; இல்லாதவர் விழுந்தார். இது வரலாறு காட்டும் உண்மை.

திரும்பிய கப்பல்

1964 அக்டோபர் 30-ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974-இலே தீர்மானிக்கப்பட்டது. மனிதரை எண்ணிப் பங்கிட்ட இக்கணக்கிலே அம்மனிதரின் விருப்பம் கேட்கப்படவில்லை. அதே 1964 டிசம்பரில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது.

பாட்டன் வந்திறங்கிய கரையிலிருந்தே பேரன் திரும்பிப் போனான். அவன் கையிலே இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. அக்கரையிலே மறுவாழ்வு உதவி பெறுவதற்குரிய குடும்ப அட்டையும் இருந்தது. சேமலாப நிதி முதலிய கணக்குகளைத் தீர்த்துக்கொண்டு புறப்பட்டவர் ஓரளவு கைப்பொருளோடு சென்றனர். கண்டியிலே பெற்ற குடும்ப அட்டையைப் பேணிக் காத்தவருக்கு அக்கரையிலே ஒரு பிடிமானம் இருந்தது.

படகேறியோர்

1984-இலே கப்பற் சேவை நின்றது. 1983-இன் கலவரத்தின் பின்னும், போர் முற்றிய காலங்களிலும், பேசாலை, தலைமன்னார் முதலிய கரைகளிலிருந்து மக்கள் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரத்துக்குச் சென்றனர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுபவர் பெட்டியைத் திறந்து பத்திரம் தேடுவது எங்ஙனம்? 1990 அக்டோபரிலே மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களும் காணி உறுதிகளையும் வீட்டையும் விட்டே சென்றனர். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒருங்கே வாழ்ந்த இம்மண்ணிலே இத்துயரம் எவரையும் விட்டுவைக்கவில்லை.

அகதி முகாம்களிலே பிறந்த பிள்ளைகளின் நிலை தனிக்கவனத்துக்குரியது. இலங்கைப் பெற்றோருக்கு வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்திற் பதியவேண்டும் என்பது நம் சட்டம். தவறினாற் பின்னர் விசேட அனுமதி பெறவேண்டும். இந்தியச் சட்டமோ, 1987 சூலை 1-ஆம் திகதிக்கு முன் அந்நாட்டு மண்ணிற் பிறந்தவரைப் பிறப்பாலேயே குடியுரிமை உடையவராகக் கொள்கிறது. 1986-இலே மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண்மணிக்கு 2022-இலே சென்னை உயர்நீதிமன்றம் கடவுச்சீட்டு வழங்குமாறு ஆணையிட்டது. 2024-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே அவர் முதன்முறையாக வாக்களித்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நாடற்றவராக இருந்த ஒருவருக்கு ஒரு நாட்டைப் பெற்றுக்கொடுத்தது அவருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரமே.

இலங்கையிலும் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களால் நாடற்றோர் குறை பெரும்பாலும் நீங்கிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் திகதி முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசைகளாயினர்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து வெளிநாடு செல்லும் இளைஞர் கொள்ளவேண்டிய படிப்பினைகள் சில உள.

முதலாவது, தம் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு தாய் தந்தையரின் பத்திரங்களையும் பெற்று வைத்தல் வேண்டும். தந்தையின் பத்திரம் இல்லாமையால் மைந்தன் நாடிழந்த கதையை மேலே கண்டோம். விவாகச் சாட்சிப் பத்திரம், குடும்பத்தில் இறந்தோரின் மரணச் சாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், தொழிற் சான்றுகள், தடுப்பூசிக் குறிப்புகள், சேமலாப நிதிக் கணக்கு என்பனவும் வேண்டியவையே.

இரண்டாவது, எல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருத்தல் வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது நேரும் ஓரெழுத்துப் பிழையும் பிற்காலத்திலே பெருந்தொல்லையாகும். திருத்தவேண்டியதைப் புறப்படுமுன் திருத்திக்கொள்க.

மூன்றாவது, காணி உறுதியின் மூலப் பிரதியைப் பெட்டியில் இட்டுக் கடல் கடக்க வேண்டுவதில்லை. அதை நம்பிக்கையான உறவினரிடம் வைத்துப் பிரதியைக் கொண்டு செல்க. பதிந்த உறுதியின் விவரம் காணிப் பதிவகத்திலும் இருக்கும். ஆனால் போரிலே பல பதிவேடுகள் அழிந்த வடமாகாணத்தார், ஓரிடத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

நான்காவது, கடவுச்சீட்டைத் தரகரிடமோ முதலாளியிடமோ ஒப்படைத்துவிட்டு இருத்தல் ஆகாது. அன்று துண்டு கங்காணியின் மடியில் இருந்தது. இன்று நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டு அயல்நாட்டு முதலாளியின் பெட்டகத்தில் இருக்குமாயின், நூறாண்டு கழிந்தும் நாம் கற்றது யாது?

ஐந்தாவது, அயல்நாட்டிலே பிள்ளை பிறந்தால் ஓராண்டு கழியுமுன் தூதரகத்திலே பதிவு செய்க.

மூத்தோரிடமும் ஒரு வேண்டுகோள். பிறப்பைப் பதியாதோர் நம் கிராமங்களில் இன்னும் உளர். காலங்கடந்த பதிவுக்கும், உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் சட்டத்தில் இடமுண்டு. எழுத்தறிவுடைய வாலிபர் இருவர் மூவராகச் சேர்ந்து, ஓய்வு நாட்களில் வீடு வீடாகச் சென்று, யாரிடம் எப்பத்திரம் இல்லை என்று குறித்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் செல்வாராயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை. இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கொப்பியும், ஒரு பேனாவும், பொறுமையும் போதும்.

2015-இலே தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. கடல் கடந்து செல்லும் கப்பலும் ஒருநாள் மீண்டும் ஓடலாம். அன்று அக்கரை செல்வோரும் இக்கரை வருவோரும் தத்தம் பத்திரத்தைத் தத்தம் கையிலேயே கொண்டு, எவருக்கும் கடன்படாதவராய், தலைநிமிர்ந்து கப்பலேறுவாராக.