கருக்கரிவாள்: அடித்தது யார், பிடித்தது யார், அறுத்த வயல் யாருடையது?

தோழர்களே, காஞ்சிபுரத்தில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தங்கை கைபேசியை நீட்டினார். 'கையால் அடித்த பாரம்பரியக் கத்தி' என்று விளம்பரம். விலை 2,000 ரூபாய்க்கு மேல். "இதைத்தான் ஆதரிக்கணுமா? மிஷின் கத்தி வாங்குறது தப்பா?" என்று கேட்டார். பட்டுத்தறி ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கைவேலை மீது ஒரு மரியாதை உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் நம் பாட்டிமார் கையில் இருந்தது விளம்பரக் கத்தி அல்ல, கருக்கரிவாள். பதிலை அங்கிருந்து தேடுவோம்.

கருக்கரிவாள் நெல் அறுப்பது. அதன் உள்விளிம்பில் ரம்பம்போல் நுண்ணிய பற்கள் இருக்கும். கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடித்து, உளியால் ஒவ்வொரு பல்லாக வெட்டுவார். அறுக்க அறுக்கப் பல் மழுங்கும். மறுபடி பட்டறைக்குப் போக வேண்டும். இதில் கொல்லர் கை மட்டும் இல்லை. கரி சுட்டவர் கை, சம்மட்டி அடித்தவர் கை, துருத்திக்குத் தோல் பதப்படுத்தியவர் கை எல்லாம் உண்டு. 'பாரம்பரியம்' என்று சொல்லும்போது அந்தத் தோல் தொழிலாளியின் பெயர் மட்டும் விடுபட்டுப் போகிறது. தீண்டாமைக்கு ஆளானவர் அவர்தான்.

அன்றைய செங்கல்பட்டுச் சீமையில்தான் காஞ்சிபுரமும் இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இந்தச் சீமையின் ஊர்களைக் கணக்கெடுத்தார். விளைச்சலில் கோயிலுக்கு, கணக்கருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்கு என்று பங்கு பிரித்த விவரம் அதில் இருக்கிறது. சிலர் இதைக் காட்டி, 'பாருங்கள், எல்லோருக்கும் பங்கு இருந்தது' என்பார்கள். பங்கு நெல்லில் இருந்தது. நிலத்தின் உரிமை மிராசுதாரரிடம் இருந்தது. அறுத்தவர் படியாளாகவே இருந்தார். அரிவாள் கையால் செய்யப்பட்டது என்பதால் அவருடைய அடிமைத்தனம் ஒரு படிகூடக் குறையவில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். கத்தித் தொழிலுக்கே பேர்போன ஊர் அது. இன்று எஃகுத் தகட்டை அச்சில் வெட்டி ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அம்மாவிடம் பேசினோம். "கடை அரிவாள் வந்த பிறகு பட்டறை வாசல்ல தள்ளி நின்னு காத்திருக்கிற வேலை இல்ல. காசு குடுத்தா குடுத்துட்டுப் போறான், சாதி கேக்கறதில்ல" என்றார். பாரம்பரியம் பேசுபவர்கள் இதைக் கேட்க வேண்டும். அதே நேரம், தொழிலை இழந்த கொல்லரும் செல்வந்தர் அல்லர் என்பதை நாமும் மறக்கக் கூடாது.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று எழுதிய நூலில் இந்த விவாதத்தைத் தெளிவாகவே முடித்துவைத்தார். தீமை இயந்திரத்தில் இல்லை. அதன் பலனைச் சிலருக்கு மட்டும் கொடுக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். உடலை ஒடிக்கும் உழைப்பிலிருந்து விடுபட்டு, படிக்கவும் சிந்திக்கவும் ஓய்வு கிடைக்க இயந்திரம் வேண்டும் என்றார்.

அந்த ஓய்வு நமக்குக் கிடைத்ததா? இன்று வயலில் அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்துவிடுகிறது. குனிந்து அறுத்த அந்த அம்மாவின் இடுப்பு வலி குறைந்தது. கூடவே கூலியும் போயிற்று. நிலம் அவருடையதாக இருந்திருந்தால் அதே இயந்திரம் அவருக்கு ஓய்வைத் தந்திருக்கும். நிலம் இல்லாததால் வேலையின்மையைத் தந்தது.

இந்த நிலக் கேள்வியும் நம் மண்ணில் எழுந்ததுதான். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை அளித்தார். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிற சமூகத்தாருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் பெரும்பகுதி கைமாறியது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர்.

எனவே தங்கைக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். கத்தி எதை வேண்டுமானாலும் வாங்கு. ஆனால் 'கையா, இயந்திரமா' என்று யாராவது கேட்டால், 'கருவி யாருடையது, நிலம் யாருடையது' என்று திருப்பிக் கேள். அடுத்த விடுமுறையில் உன் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்று விசாரி. சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. மனு எழுத நாங்கள் கூட வருகிறோம்.

ஜெய் பீம்.