பாரம் இறக்கினால் ஆபத்து

வால்வு ஆம்ப்ளிபயருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. பாரம் சுமக்கும் வரையில் சௌக்கியமாக இருக்கும். பாரத்தை இறக்கிவிட்டாலோ உயிருக்கே ஆபத்து! ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறிப் பொறி பறக்கும், சுருள் கருகிவிடும். ஐம்பது வருஷத்துப் பழைய பெட்டியானால் அதே சுருளுக்கு எங்கே போவது?

அமெரிக்கரான டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்தவர். பகலில் போலராய்டு கம்பெனியில் இஞ்சினீயர். இரவில் வீட்டு நிலவறையில் கிதாரும் கையுமாக இருப்பார். 1976-ல் வெளியான 'பாஸ்டன்' இசைத்தட்டின் பெரும்பகுதி அந்த நிலவறையில்தான் உருவாயிற்று. மார்ஷல் ஆம்ப்ளிபயரை முழு மூச்சில் முடுக்கினால்தான் அவர் விரும்பிய கரகரப்பு வரும். முடுக்கினால் வீடே அதிரும். 1980-களின் தொடக்கத்தில் அவர் 'பவர் சோக்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே பிரமாதமாக ஒன்றுமில்லை, தடித்த மின்தடைகள்தாம். ஆம்ப்ளிபயரின் ஆவேசத்தை வெப்பமாக்கி விழுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். பாவம், ஆம்ப்ளிபயருக்கு இந்த மோசடி தெரியாது.

நேரே கம்ப்யூட்டரில் பதிவதற்கும் இதே தந்திரம்தான். 8 ஓம் தடையில் 100 வாட் என்றால் சுமார் 28 வோல்ட். பதிவுக் கருவிக்கோ ஓரிரு வோல்ட்டே தாராளம். ஆகவே பாரம் முழுவதையும் தடை சுமக்கும். கம்ப்யூட்டருக்குப் போவது கிள்ளியெடுத்த துளி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கீச்சொலியைத் தானாகவே மழுக்கிவிடும். அது இல்லாத பதிவு குளவிக்கூடு மாதிரி இரைகிறது. அந்தக் கூம்பின் வேலையையும் இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது, ஒரு நிரலைக் கொண்டு.