நோட்டீஸ் வண்டி

உத்தமபாளையம் பக்கத்து எங்கள் ஊரில் டூரிங் கொட்டகை இருந்த நாளில், குழாய் ஸ்பீக்கர் கட்டிய நோட்டீஸ் வண்டியின் பின்னால் ஓடுவோம். கூட ஓடியவர்களில் ஒருவன் மட்டும் தன்னைப் போன்றவனை எந்தப் படத்திலும் கண்டதில்லை. கண்டாலும் கேலிப் பாத்திரமாகத்தான். அதை என்னிடம் சொல்ல அவனுக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

1977-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் தன்பால் விழைவோர் சிலர் படுக்கை விரிப்பையே திரையாகக் கட்டித் தங்கள் சிறு படங்களைக் காட்டினார்கள். நம் கொட்டகைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மும்பையில் ஸ்ரீதர் ரங்கயன் 'காஷிஷ்' விழாவைத் தொடங்கியது 2010-ல். முந்தைய ஆண்டுதான் டில்லி ஹைகோர்ட்டு 377-வது பிரிவின் கட்டைத் தளர்த்தியிருந்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி இறுக்கிற்று, விழா நிற்கவில்லை. 2018-ல்தான் கட்டு அறுந்தது.

விழாப் பட்டியல் வரும் சமயம் தேனியிலிருந்து அவன் கூப்பிடுவான்: "தமிழ்ப் படம் ஏதாச்சும் உண்டாடா?"