மோதல் சாவு

ஆயுதத்துடன் எதிர்த்ததாகச் சொல்லப்படும் ஒருவர் காவல்துறையினர் சுட்டதில் இறப்பது மோதல் சாவு எனப்படும். பேச்சு வழக்கில் ‘என்கவுன்டர்’. இந்தியாவின் குற்றவியல் சட்டங்களில் இப்படியொரு தனி வகை இல்லை. காவல்துறையும் செய்தித்தாள்களும் புழங்கிப் புழங்கி நிலைத்த சொல் இது.

சட்ட வரலாறு

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்தது. காக்கிச் சட்டைக்கென அதில் தனி உரிமை கிடையாது. அரிவாளோடு பாய்பவனிடமிருந்து தப்ப வழிப்போக்கருக்கு உள்ள உரிமைதான் சப்-இன்ஸ்பெக்டருக்கும். உயிர் போகும், கொடுங்காயம் நேரும் என அஞ்ச நியாயம் இருந்தால் எதிராளியைக் கொல்லவும் 100ஆம் பிரிவு இடம் தந்தது; தேவைக்கு மேல் தீங்கு கூடாதென 99ஆம் பிரிவு அணை போட்டது. அதிகாரத்தை நல்லெண்ணத்தோடு மீறிய அரசு ஊழியர் விளைவிக்கும் சாவு, 300ஆம் பிரிவின் மூன்றாம் விதிவிலக்கின்படி கொலைக்குற்றம் ஆகாது, ஆனால் குற்றமே.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 46ஆம் பிரிவு, கைதுக்கு இணங்காதவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாள அனுமதித்தது. அடுத்த வரியிலேயே கடிவாளமும் போட்டது: மரண தண்டனைக்கோ ஆயுள் முழுக்க நாடுகடத்தலுக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்லும் உரிமை இதனால் வராது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், நாடுகடத்தலுக்குப் பதில் ஆயுள் சிறை என்ற வாசகத்தோடு, அதே எண்ணில் இதைத் தொடர்ந்தது. பிடிப்பதற்கான விதி இது. கொல்வதற்கான உரிமம் அன்று.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, ஆம்புலன்ஸ் வண்டியில் வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தின்பேரில் தேடப்பட்ட ஐந்து பேர் சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் கொல்லப்பட்டனர். நீதிமன்றம் அவர்களை விசாரிக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது.

2019 டிசம்பர் 6 விடியற்காலையில், ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் காவலில் இருந்த நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள் என்றது காவல்துறை. அங்கே கூடிய மக்கள் காவலர்கள்மீது பூவிதழ் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என 2022இல் கண்டறிந்து, பத்துக் காவலர்கள்மீது வழக்குத் தொடரப் பரிந்துரைத்தது.

கட்டுப்பாடுகள்

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. முன்கூட்டிக் கிடைத்த துப்பை எழுத்தில் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கை கட்டாயம். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையக் குழுவோ புலனாய்வு செய்ய வேண்டும். இரத்தம் தோய்ந்த மண்ணையும் தலைமுடியையும் சேகரிக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையின் இரு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும். சுட்டவர்கள் துப்பாக்கியைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். உடனடிப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா (பிரிவுகள் 34–44), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிரிவு 43) ஆகியவை பழைய சட்டங்களின் தற்காப்பு, கைது விதிகளைத் தாங்குகின்றன. தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் மோதல் சாவுகள் தொடர்கின்றன.